அச்சு

நாகமலைக்குக் கீழே, பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
எட்டுக்குப் பத்தில் என் கடை.
இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேசர் பிரிண்டர்,
கறுப்பு, கருநீலம், அரக்கு ரெக்சின் அட்டை.
தங்க எழுத்துக்குத் தனிக் காசு.

பதினோரு வருஷத்தில்
எத்தனை பேரை முனைவராக்கி அனுப்பினேன்
என்று எனக்கே தெரியாது.
நான் பத்தாவது.
கணக்கில் முப்பத்தெட்டு.

படிக்க மாட்டேன், பக்க எண் மட்டும் பார்ப்பேன்.
ஆனாலும் கண் சும்மா இருப்பதில்லை:
சர்க்கரைக்காரர் காலுக்கு எந்தச் செருப்பு,
கப்பலூர் ஆலைப் பம்ப்
மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏன் மூச்சடைக்கிறது,
ராத்திரியானால் ஷேர் ஆட்டோவை லாரி என்று எண்ணும்
மாட்டுத்தாவணி கேமராவுக்கு எப்படிப் புத்தி சொல்வது,
கொதிகலன் குழாயின் உட்சுவரில் படியும் உப்பு,
ராத்திரி ஷிப்ட் நர்ஸ்
எத்தனை மணிக்கு மாத்திரையை மாற்றி எடுக்கிறார்.
(மூன்று பத்துக்கு. அது மட்டும் மறக்கவில்லை.
எனக்கும் பக்கம் மாறுவது அப்போதுதான்.)

அன்றும் அப்படித்தான்.
விடிந்தால் கடைசித் தேதி.
ஒச்சப்பனுடையது நூற்பாலை பேரிங்கின் அதிர்வு.
ஜைனப் நிஷாவுடையது கர்ப்பிணிகளின் இதய ஒலி.
இரண்டையும் ஒரே வாயால் துப்பிக்கொண்டிருந்த பிரிண்டர்
கரண்ட் போய், வந்து, போய்,
தரையெல்லாம் தாள்.

செல்போன் வெளிச்சத்தில் பொறுக்கி அடுக்கினேன்.
ஒன்று மிஞ்சியது.
எண் இல்லை. தலைப்பு இல்லை.
கிடை அச்சிலும் எழுத்தில்லை, நெட்டை அச்சிலும் இல்லை.
ஒரே ஒரு கோடு:
சும்மா போய், திடுக்கென்று எகிறி,
குட்டியாய் இன்னொரு எகிறல்,
மறுபடி சும்மா.

இது ஆலையா? ஆளா?

பொழுது வெளுக்கையில்
உசிலம்பட்டியிலிருந்து அவர் பைக்கில் வந்தார்,
கோரிப்பாளையத்திலிருந்து அவர் முதல் பஸ்ஸில்.
தாளை நடுவில் வைத்தேன்.

"என்னுது. ஏழாம் நம்பர் ஃபிரேம், குண்டுல கீறல்."
"இல்லைங்க, என்னுது. இருபத்தாறு வயசு,
முப்பதாவது வாரம், வால்வு சரியா மூடலை."
அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில்,
"இருங்க."

கோயில் வாசலில் செருப்புத் தேடுகிறவர்கள் மாதிரி
குனிந்து நின்றார்கள். எல்லாமே ஒரே கறுப்பு.
எனக்கு அச்சு என்றால் சோறு.
அவருக்கு மிஷினுக்குள் சுற்றுவது.
இவருக்குக் கோட்டின் அடியில் விடுபட்ட நேரம்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
மூன்று பேர் நின்றோம், உதவவில்லை.

அவர் நகத்தால் இடைவெளியை அளந்தார்.
இவர் வாய்க்குள் லப், டப் சொல்லிப் பார்த்தார்.
"இந்தச் சின்ன எகிறல் உங்க மிஷினுக்கு எதுக்கு?"
"லூசா இருந்தா திரும்ப ஒரு தட்டு தட்டும்."
"எங்களுக்கும் அதேதான்."

ஒச்சப்பன் பேனா கேட்டார்.
தாளின் பின்பக்கம் நிறையத் தொடங்கியது.
"நீங்க பிரிச்சுப் பார்த்துக்கலாம். நான் எங்க பிரிக்க?"
"பிரிச்சா ஒரு ஷிப்ட் நூல் போயிரும்ங்க.
பிரிக்காம கேக்கத்தானே நானும் காதை வச்சேன்."

கரண்ட் வந்து கோப்பைத் திறந்தேன்:
படம் நான்கு புள்ளி ஏழு. ஜைனபுடையது.
"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.
"பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.
பேரு தெரியாதுக்கா, நாப்பத்தொண்ணுன்னுதான் எழுதியிருக்கேன்."
"ஏழாம் நம்பர்?"
"ஓடுது," என்றார் ஒச்சப்பன்.

கடைசிப் பக்கம் இரண்டிலும் ஒரே வரி:
மேலும் ஆய்வு தேவை.
எல்லாரும் எழுதுவார்கள் அதை,
என் விரலுக்கே மனப்பாடம்.
அன்றைக்குத்தான்
கூட்டிப் படித்தேன்.

பழுதான தாளுக்கு நான் காசு வாங்குவதில்லை.
அதை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தவர்
ஒரு ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.