புல் என்றால் இழு

மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன
சின்ன நோட்டில்
தாளுக்குத் தாள் தலையில் ஒரு ஈரல் படம்.
ஈரலுக்குக் கீழேதான்
என் இங்கிலீஷ் இருக்கிறது.

முதல் பக்கம்: பாஸ்.
மகனிடம் ஒன்று இருக்கிறது, காட்டினால்
இருபத்தொன்பது சி-யில் டிக்கெட் கேட்பதில்லை.
மார்ச்சில் எழுதுகிறானே, மே மாதம் வந்தால் அதுவும் பாஸ்.
ஆறாம் நம்பர் கட்டில் பெரியவருக்கு
மூன்று நாளாக ஆகாதது இன்று காலை ஆனதே,
அதற்கும் பாஸ். ஷைனி சிஸ்டர்
சந்தோஷமாக சார்ட்டில் ஏற்றினாள்.
அதே வாரம் பாஸின் பின்னால்
ஒரு குட்டி வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது:
அவே.
அந்தக் கட்டிலுக்கு நான்தான் பெட்ஷீட் மாற்றினேன்.

இரண்டாம் பக்கம் டிஸ்சார்ஜ்.
"எனி டிஸ்சார்ஜ்?" என்று சின்ன டாக்டர் கேட்க,
"நாளைக்கு சார், இன்சூரன்ஸ் வரணும்" என்றேன்.
அவர் கேட்டது தையலில் சீழ் வடிகிறதா என்று.
வார்டே சிரித்தது.
தையல் போட்டவர்தான் பாவம்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
"சிரிக்க வைக்காதீங்கம்மா" என்றார்.

பெரிய வார்த்தைகளை உருட்டி உருட்டிப் பழகிவிடலாம்.
அப், ஆஃப், அவுட், ஓவர்,
இந்தக் குட்டிகள்தான் படுத்துகின்றன.
ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறி
அரை சீட்டில் ஒட்டி உட்கார்ந்து
வண்டி போகிற ஊரையே மாற்றிவிடுகிறவர்கள்.
புட் ஆஃப் என்றால் லைட்டை அணைக்கணும்.
ஆபரேஷனை புட் ஆஃப் பண்ணிவிட்டார்கள் என்றால்
யாரும் எதையும் அணைக்கவில்லை,
வியாழக்கிழமை என்று அர்த்தம்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி.
அகர்தலாவிலிருந்து வந்தவர்கள்,
கிரீம்ஸ் ரோட்டுச் சந்தில் நாள் வாடகை அறை,
ஐ.சி.யூ. வாசலில் பதினோரு நாள்:
ரீனா தேப்பர்மாவும் அவள் கொழுந்தனும்.
இரண்டேகால் மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார்.
மாஸ்க்கை இறக்காமலே
"ஹி ஹேஸ் புல்டு த்ரூ" என்றார்,
லிஃப்டுக்குள் போய்விட்டார்.
அவர்கள் இங்கிலீஷ் என்னுடையதைவிடக் குறைச்சல்.
என் முகத்தைப் பார்த்தார்கள்.

புல் எனக்குத் தெரியும்.
மாடு மேய்வது இல்லை, டாஸ்மாக்கில் கேட்பதும் இல்லை,
கண்ணாடிக் கதவில் எழுதியிருப்பது.
புல் என்றால் இழு.
இழுத்துக்கிட்டு இருக்கு என்றால்
எங்கள் வியாசர்பாடியில் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள்.
வாயில் பால் விடுவார்கள்,
சொந்தத்துக்கெல்லாம் போன் போடுவார்கள்.
என் மாமனார் இரண்டு நாள் இழுத்தார்.

நான் வாயே திறக்கவில்லை.
முகம் சொல்லிவிட்டது.
ரீனா தரையில் சரிந்து
துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.
கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.
எனக்கு என்ன வந்ததோ, நானும் அழுதேன்.

"அய்யோ அமுலு! பொழச்சுட்டார்!
கண்ணு திறந்துட்டார், தண்ணி கேக்கறார்!"
ஷைனி சிஸ்டர் எனக்குத் தமிழிலும்
அவர்களுக்கு இந்தியிலும் கத்தினாள்.
ரீனா எழுந்து வந்து
என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலித்தது.
பிறகு அந்தக் கையை விடவேயில்லை.

விடிகாலை பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன்.
நாம் மட்டும் என்ன யோக்கியமா?
தம்பிக்கு விட்டுக்கொடு என்றாள் அம்மா.
கொடுத்துவிடு என்கிறான் வட்டிக்காரன்.
அதே இரண்டு சொல், இடம் மாறி உட்கார்ந்ததும்
ஒன்றில் மனசு போகிறது, ஒன்றில் பணம்.
மூச்சு வாங்குகிறது என்கிறோம்,
எந்தக் கடையில்?
அகர்தலாக்காரி ஒருநாள் இதையெல்லாம் படிக்கட்டும்,
நானும் ஒரு அடி திருப்பிக் கொடுக்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கம்.
ஈரலுக்குக் கீழே புல் த்ரூ என்று எழுதி,
ஒரு கோடு போட்டு,
எதிரே என்ன எழுதுவது என்று வெகுநேரம் பார்த்து
கடைசியில் எழுதினேன்:
தண்ணி கேட்டார்.