வலிக்காத பல்

ஐஸில் தோய்த்த பஞ்சை
ஒவ்வொரு பல்லிலும் வைத்து எடுக்கிறேன்.
கூசுது, கூசுது என்கிறார் வீருசின்னம்மாள்.
மேல்வரிசையில், முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில்
கை எழும்பவில்லை.
மறுபடி வைக்கிறேன்.
"வச்சிட்டீங்களா?"

சாம்பல் நிறப் பல்.
பதினோரு வருஷம் முன்னால், விடியாத நேரம்,
கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் பதினேழு பேர்.
வளைவில் காட்டுப்பன்றி குறுக்கே வர
பிரேக் அடித்ததில் முன்கம்பி வாயில் இடித்தது.
ரத்தத்தைத் துப்பிவிட்டு
அன்றைக்கும் எட்டு கிலோ ஏலக்காய் எடுத்தாராம்.
பல் அந்த வாரமே செத்திருக்கும்.
யாருக்கும் சொல்லவில்லை.

எக்ஸ்ரேயில்
வேர்நுனியைக் கவ்வியபடி ஒரு கறுப்பு வட்டம்,
சுற்றிலும் பென்சிலால் வரைந்ததுபோல் வெள்ளைக் கோடு.
அண்ணத்தில் விரல் வைத்து அழுத்தினால்
எலும்பு முட்டையோடாய் அமுங்குகிறது.
பல் முளைத்த காலத்தில் மிச்சப்பட்டு
வேரோரம் தூங்கிய உயிரணுக்கள்
அழுகலின் சூட்டில் விழித்து
ஒரு வீடு கட்டியிருக்கின்றன,
கதவில்லாமல், உள்ளே தண்ணீரோடு.

ஏன் இத்தனை நாள் வரலை?
"வலிச்சாத்தான டாக்டரு லீவு கேக்க முடியும்?
வலிக்காத பல்ல எந்த மேஸ்திரி நம்புவான்?"

வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்தேன்.
அடுத்த செவ்வாய் மரப்பு ஊசி,
ஈறை விலக்கி, தேய்ந்த எலும்பைத் திறந்ததும்
வைக்கோல் நிறத்தில் கசிந்தது.
விளக்கடியில் அதில் பொடிப்பொடியாய் மினுக்கம்.
பையை முழுசாக எடுக்க வேண்டும்,
ஓர் ஓரம் தங்கினாலும் திரும்ப வரும்.
கிழிந்தது.
குழியை மூன்று முறை சுரண்டினேன்.
வேர்நுனியைக் கொஞ்சம் வெட்டி, அடைத்து, ஐந்து தையல்.

மதுரைக்கு அனுப்பும் புட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்,
காய்க்கறை போகாத விரல்களால்.
வீங்கிய உதட்டோடு,
"ஏலத்துல விட்டா
என்ன வெலைக்குப் போகும்?"

நீர்க்கட்டிதான், வேறொன்றுமில்லை என்றது ரிப்போர்ட்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில்
கறுப்பு, விளிம்பிலிருந்து சாம்பலாகிக்கொண்டிருந்தது.
எலும்புக்கு அவசரமில்லை,
இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன்.
கீழே ஜீப் ஹார்ன் அடித்தது.
அவர் பின்னால் மாடியேறி வந்திருந்த இரண்டு பெண்கள்
கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்கள்.
அதே பக்கம், அதே சாம்பல்.

அந்தக் கம்பி இன்னும் இருக்கா, என்றேன்.
"இருக்கு.
துணி சுத்தி வச்சிருக்கோம்."