ரிஜெக்ட் குழாய்

கே.ஆர்.புரம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு இரண்டு குழாய்.
ஒன்று மாடிக்கு, ரத்தம் கழுவ.
மற்றது சாக்கடைக்கு, இரவும் பகலும்.
ஆயிரத்து முந்நூறு அடி ஆழத்து உப்பெல்லாம்
அதில்தான் இறங்கும்.

டேங்கர்க்காரன் போனை எடுக்காத மார்ச்சில்
ஒரு கேன் பிடித்து ஸ்கூட்டரில் வைத்தேன்.
"கக்கூசுக்குத்தானே?" என்றார் வாட்ச்மேன் திம்மையா.
ஆமாம் என்றேன்.

பொய். மிளகாய் விதை போட்டிருந்தேன்.
பன்னிரண்டு காகிதக் கோப்பை.
ஆறுக்கு, குடிக்க வைத்த காவிரியில் பங்கு.
ஆறுக்குக் கேன்.

எட்டாம் நாள் காவிரிக் கோப்பைகளில்
முதுகை வளைத்து மண்ணை முட்டி எழுந்தன,
விதைத்தோலைக் கழற்ற மறந்து.
கேன் கோப்பைகள் ஈரமாக, சும்மா இருந்தன.
பதினாலாம் நாள் இரண்டு.
பதினேழில் இன்னொன்று.
மீதி மூன்றைக் கிளறினேன்:
ஒன்று அழுகல்.
ஒன்று போட்டது போட்டபடி.
ஒன்று அரை நகம் வேர் விட்டு
நுனி பழுத்து
அத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தது.

வந்த மூன்றுக்கும் இலை ஓரம் தீய்ந்தது.
சொட்டச் சொட்ட நனைந்த மண்ணில் நின்றுகொண்டு
தாகத்தில் தலை சாய்த்தன.

வார்டு மீட்டரைக் கோப்பையில் விட்டேன்.
கேனில் மூன்று காட்டியது
மண்ணில் ஐந்தாகியிருந்தது.
வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துப்போகிறது.
நம் ரத்தத்துக்குப் பதினாலு வேண்டும்.
மிளகாய்க்கு ஐந்தே கடல்.

மூன்றாம் படுக்கை குருபசப்பா
யுகாதி ஊறுகாய் தின்று
மூன்றரை கிலோ கூடி வந்திருந்தார், அத்தனையும் நீர்.
"உடம்பெல்லாம் தண்ணி சிஸ்டர்,
நாக்குல மட்டும் இல்ல" என்று
ஐஸ் துண்டு கேட்டார். ஒன்று கொடுத்தேன்.
செடிக் கதையையும் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
கையில் ஓடும் சிவப்புக் குழாயைப் பார்த்தபடி,
"அதுங்களுக்கும் நாலு மணி நேரம் போடுங்களேன்."

இரவு கோப்பைகளின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டேன்.
மறுநாள் காபிக்கு வைத்திருந்த ஒரு சொம்பு காவிரி,
சொட்டுச் சொட்டாக,
மணி பார்த்து.
கீழே தட்டில் வடிந்ததை நாக்கில் தொட்டேன். கரித்தது.

இரண்டு பிழைக்கவில்லை.
ஒன்று கருகிய இரண்டிலைக்கு மேல்
மூன்றாவதைப் பச்சையாக விட்டது,
எள்ளளவு.

தட்டில் வடிந்ததைக் கக்கூசில் ஊற்றினேன்.
திம்மையாவிடம் சொன்னது
இப்போது பொய்யில்லை.