கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கொருமுறை
கானாடுகாத்தானில் நான் மீட்டர் பார்க்கும் வீடுகளில்
பாதிக்கு மேல் இரண்டே சொல்தான் எழுதுவேன்:
கதவு பூட்டு.
நானூற்றுப் பதினெட்டில் மட்டும்
ஆளில்லாமலே யூனிட் ஓடும்.
மிஷின் கோளாறு என்று குறித்துவைத்தேன்,
மூன்று முறை.

தெய்வானைக்கு இடது மார்பில் கட்டி எடுத்தபோது
ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்றார்கள்.
கையெழுத்துப் போட்டது அவள்.
எதற்கென்று கேட்கக் காரைக்குடிக்குப் போனது நான்.
ஏசிக் குளிரில் நிலோஃபர் என்ற பெண்
கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:
"உடம்பின் ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் புரதமாவதில்லை.
மிச்சம் குப்பை என்றிருந்தோம் அண்ணே.
குப்பையிலிருந்தும் நகல் எடுக்கிறது செல்,
நீள நீளமாய், புரதமே ஆகாத ஆர்என்ஏ.
உலை வைக்காத வீட்டில் புகை வருகிற மாதிரி."

ஒன்றுக்கு ஹாட்டேர் என்று பேராம்.
பன்னிரண்டாம் குரோமோசோமில் பிறந்து
இரண்டாவதில் போய்க் கதவு சாத்துமாம்.
சாத்துவது அதுவல்ல.
பூட்டுக்காரனைக் கூட்டிப்போய்
இந்த வீடுதான் என்று காட்டுவதோடு சரி.
அளவாயிருந்தால் குற்றமில்லை.
மிஞ்சினால்
பூட்டக் கூடாததையெல்லாம் பூட்டவைக்கும்,
கட்டி ஊர்விட்டு ஊர் போகும்.

"தெய்வானைக்கு எவ்வளவு?"
"எங்களிடம் பேர் இல்லை அண்ணே, எண்தான்."
திரையில் நாற்பது கம்பிகள், நெட்டையும் குட்டையுமாய்.
நானாக ஒன்றைப் பார்த்துக்கொண்டேன்,
குட்டையானதாய்.
"குறைக்க மருந்து?"
"இன்னும் இல்லை. இப்போதைக்கு அளக்கிறோம்."

அந்தப் பதில் எனக்குத் தெரியும்.
பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களிடம்
இருபத்தாறு வருஷமாய் நான் சொல்வது:
எழுதுகிறவன்தான் நான், எரிக்கிறவன் இல்லை.

நாலாவது கீமோ முடிந்து
அவள் மோர்சோறு கேட்டு, இரண்டு வாய் தின்று, தூங்கிய மதியம்
நானூற்றுப் பதினெட்டுக்குப் போனேன்.
கணக்கெடுக்கும் நாள் இல்லை.
வெயில் ஏறிய தேக்குக் கதவில் காதை வைத்தேன்.
உள்ளே எங்கோ, மூன்றாம் கட்டிலோ நாலாம் கட்டிலோ,
ஒரு மோட்டார்.
யாருக்கும் தண்ணீர் ஏற்றாமல்.

மிஷின் கோளாறு என்பதை அடித்துவிட்டு
மேலே எழுதினேன்:
உள்ளே ஏதோ ஓடுகிறது, பார்க்கவும்.
தேதி. கையெழுத்து.