புள்ளிக் கணக்கு

மின்னஞ்சலில் நாட்டின் பெயர் மூன்றே எழுத்தில்.
அதற்கு எதிரே ஒன்று.
ஐந்நூறு மீட்டர், பெண்கள், ஓர் இடம்.
யார் என்று இன்னும் கேட்கவில்லை.

வில்னியூஸில் இரண்டாம் மாடி.
சங்கத்தின் ஒரே மேசை என்னுடையது.
சதுரங்கக்காரர்களோடு பங்கு போட்ட அச்சு இயந்திரம்
நாளுக்கு நான்கு தாளாவது விழுங்கும்.
இந்த ஒன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.
கூட்டிப் பார்த்தவன் நான்.

அக்டோபரில் முதல் போட்டி:
ஸ்கிர்மாந்தே இரண்டாம் வளைவில் விழுந்தாள்.
மெத்தைச் சுவரில் முதுகு.
அடுத்ததில், இடித்து முந்தினாள் என்று
காணொளியைப் பார்த்து நடுவர் பெயரை அடித்தார்.
மூன்றாவதில் காய்ச்சல்.
ஓடினாள் என்பதோடு சரி.
டோர்ட்ரெக்டில்தான்,
கடைசிச் சுற்றின் முதல் வளைவில்
முன்னே போன மூவரும்
ஒருவர் காலில் ஒருவர் சிக்கிச்
சீட்டுக்கட்டாய்ச் சரிய,
நான்காவதாய் வந்துகொண்டிருந்தவள்
குனிந்த தலை நிமிராமல்
நடுவே புகுந்து கோடு தாண்டினாள்.
அதிர்ஷ்டம் என்றார்கள்.
அந்த மூவருக்குப் பின்னால்
அவ்வளவு நெருக்கத்தில் இருப்பதற்கும்
தொடையில் வலு வேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு பேருக்கு இடம்.
அவள் முப்பத்திரண்டாவது.
அவள் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல்
எங்கள் மொழியில் ஒரு புள்ளி உண்டு.
வெளியூர்ப் பட்டியல்களில் அதை யாரும் இடுவதில்லை.
அந்தப் புள்ளியை விட்டுவிட்டு
இந்தப் புள்ளிகளை மட்டும்
பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

இடம் நாட்டுக்கு. ஆளை நாடு சொல்லும்.
விதி எனக்கு மனப்பாடம்.
ஆகவே டிசம்பரில் எலெக்ட்ரேனாய்.
மின் நிலையத்துக்காகக் கட்டிய ஊர்.
ஏரியை வெதுவெதுப்பாக்கும் அந்த ஊரில்தான்
எங்கள் பனிக்கூடம்.
வளைவுக்கு ஏழு கறுப்புக் கட்டைகள்.
மூன்று ஓட்டம், அதிகம் வென்றவள் போவாள்.

வைவாவுக்குப் பதினெட்டு.
இலையுதிர்காலம் முழுக்கக் கணுக்காலில் மாவுக்கட்டு.
எந்த ஊருக்கும் போகவில்லை,
ஒரு புள்ளியும் கிடையாது.
முதல் ஓட்டம் ஸ்கிர்மாந்தேவுக்கு.
இரண்டாவது வைவாவுக்கு.
மூன்றாவதில் இருவருமே காலை நீட்டினார்கள்.
கோட்டைத் தொடும் கத்தி முனைதான் கணக்கு.
நொடியை ஆயிரமாக அரிந்தால் அதில் பதினொன்று.
கண் இமைக்கவே அதைவிட நேரமாகும்.

நள்ளிரவுக்குள் படிவம் போக வேண்டும்.
போகாவிட்டால் இடம் அடுத்த நாட்டுக்கு.
முப்பத்து மூன்றாவது பல்கேரியா.
சோஃபியாவில் என்னைப் போல் ஒருவர்
ஆறிய காபியோடு
அஞ்சல்பெட்டியைத் திறந்து திறந்து மூடுவார்.
அவருக்கும் ஒருத்தி இருப்பாள்,
எங்கோ மெத்தைச் சுவரில் மோதி எழுந்தவள்.

ஆறு மணிக்கு ஸ்கிர்மாந்தே வந்தாள்.
தோளில் காலணிப் பை. கையில்
எண்ணெய் ஊறிய காகிதத்தில் இரண்டு கிபினாய்.
ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
"அனுப்பிவிட்டீர்களா?"
"இல்லை."
"ஏன்?"
வாயில் ஆட்டிறைச்சி இருந்தது.
மென்றுகொண்டே இருந்தேன்.

திரையை எட்டிப் பார்த்தாள்.
பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது.
ஒரு கையுறையை மட்டும் கழற்றி
ஒற்றை விரலால் தட்டினாள்: வைவா.
"இவள் பெயரில் விட்டுப்போக எதுவும் இல்லை."
சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

மாற்று ஆள் என்று கீழே இன்னொரு கட்டம்.
அதை எனக்கு விட்டுவிட்டாள்.
டிராலிபஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

வெகுநேரம் கழித்து எழுதினேன்.
கடைசி எழுத்தின் மேல் புள்ளி வைத்தேன்.
பொத்தானை அழுத்தியதும்
படிவம் திரும்பி வந்தது,
சிவப்பில் ஒரு வரியோடு:
அனுமதிக்கப்படாத எழுத்து.

மணி பதினொன்று நாற்பது.
அதே புள்ளியோடு
இன்னொரு முறை அழுத்துகிறேன்.