மூன்று பல் பாலம்

எங்கள் ஊரில் ரொட்டிக் கடைகளைவிடப்
பல் ஆஸ்பத்திரிகள் அதிகம்.
காலை எட்டு மணிக்கு வியன்னா பஸ் வந்து நிற்கும்.
வாயை மூடிக்கொண்டு இறங்குகிறவர்கள்
மாலையில் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள்.
ஹங்கேரியில் பாதி விலை.
பாதி வலி என்று யாரும் சொன்னதில்லை.

அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.
லாய்தா ஆற்றுப் பக்கம், மருந்துக் கடைக்கு மேல் மாடியில்
எமோக்கேயும் நானும் ஒரு சூளையும்.
வாய்கள் எங்களிடம் பிளாஸ்டரில் வரும்,
பெயரில்லாமல், எண்ணோடு.

செவ்வாய்க்கிழமை வந்தது 4417.
மேல் தாடை, இடப்புறம்,
முதல் கடைவாய்ப்பல் இல்லை.
நிறம் ஏ-இரண்டு. வெள்ளிக்குள் வேண்டும்.

இல்லாத ஒன்றுக்காக
இருபுறமும் நன்றாக இருந்த இரண்டைத்
தேய்த்துக் குச்சியாக்கி அனுப்புவார்கள்.
அவற்றுக்கு நான் தொப்பி போட்டு
நடுவில் வேரில்லாத ஒன்றை நிறுத்த வேண்டும்.
இதில் உவமை தேட வேண்டாம்.
இருபது வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.
எடை தாங்கும் கணக்கு, அவ்வளவுதான்.

பிறகுதான் முன்பல்லின் மூலையைப் பார்த்தேன்.
கசகசா நாலு சேர்ந்தால் எவ்வளவோ
அவ்வளவு உடைந்த மூலை.
பலாட்டன் ஏரிக்கரை, முதல் கோடை,
கையில் திறப்பான் இருக்கும்போதே
பீர் மூடியைப் பல்லால் திறந்து காட்டிய மூலை.

ஜோம்போர்.

ஒன்பது வருடம் இந்தப் பற்களின் பக்கத்தில் தூங்கினேன்,
தூங்கினேன் என்று சொல்லக் கூடாது.
இரண்டு மணிக்குத் தொடங்குவான்,
கல்லைக் கல்லில் இழைக்கிற சத்தம்,
குப்பை வண்டி வரும்வரை.
அச்செடுத்து ஓர் இரவு உறை செய்து கொடுத்தேன்.
அது சோப்புப் பெட்டியிலேயே கிடந்தது.
உன்னோடு வாழ்வது
பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வது, என்றான்
பெட்டி கட்டிய அன்று.
நம்பினேன்.
தொழில் தெரிந்தவள், இருந்தும் நம்பினேன்.

இப்போது அச்சை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன்.
கோரைப்பல்லின் நுனியே இல்லை.
கடைவாயின் மேடெல்லாம் இறங்கித்
தளம் போட்ட மாதிரி இருந்தது.
ஒன்பது வருடத்தில் இவ்வளவு போகாது.
எனக்கு அந்த வேகம் தெரியும்.
மிச்ச ஏழு வருடத் தேய்மானம்
வேறு யாரோடோ,
அல்லது யாருமே இல்லாமல்.

எமோக்கே தேநீர் வைத்தாள்.
எதற்குச் சிரிக்கிறாய் என்றாள்.
4417 என்றேன்.

தலைமுடியில் பாதி கனம் போதும்.
நடுப்பல்லை அவ்வளவு உயர்த்திவிட்டால்
ஒவ்வொரு ரொட்டித் துண்டுக்கும்
அவன் தாடை என்னை நினைக்கும்,
யாரென்று தெரியாமல்.
கை அதுவரை போனது.
போய், அப்படியே செய்தும் வைத்தது.

நீலத் தாளை நடுவில் கொடுத்துத்
தாடைகளைத் தட்டினேன். டக். டக்.
நடுப்பல்லில் மட்டும் ஒரு புள்ளி,
தனியாக, அடர்த்தியாக.
தேய்த்தேன்.
மறுபடி தட்டினேன், மறுபடி தேய்த்தேன்.
மூன்றிலும் ஒரே மாதிரி மங்கலாகப் பொட்டு விழ
இருட்டிவிட்டது.

நிறத்தில் மட்டும் தலையிட்டேன்.
வெள்ளையாகக் கேட்டிருப்பான், எல்லோரும் கேட்பார்கள்.
அவன் காப்பியையும் சிகரெட்டையும் அறிந்தவள் நான்.
ஈறோரம் கொஞ்சம் பழுப்பு ஏற்றிச்
சூளையில் வைத்தேன்.

சூடு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
என் கீழ்த் தாடையில், வலப்புறம், ஒன்று கிடையாது.
நாலு வருடமாகிறது. ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு.
நாக்கு அங்கே போய்ப் போய் வந்தது.

பெரிய மனசு என்பாள் எமோக்கே, சொன்னால்.
சொல்லவில்லை.
பொருந்தாத பாலம்
பஞ்சில் சுற்றி, ஒரே வாரத்தில்,
இதே மேசைக்குத் திரும்பி வரும்.