குனி

ஒடியாவில் குனி என்றால் சின்னப்பெண்.
தண்டையார்பேட்டையில் குனி என்றால் குனி.
வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிட்டதும்
கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து
முட்டியைத் தொட்டு நிமிரும்.
தொடங்கி வைத்தவன் டில்லிபாபு.
பேசின் பிரிட்ஜைத் தாண்டியதில்லை அவன்.
அவன்தான் எனக்கு இந்திக்காரி என்று பட்டம் வைத்தான்.
இந்தி எனக்கும் தெரியாது என்று சொல்ல
அப்போது எனக்குத் தமிழும் தெரியாது.

அப்பா பிளம்பர்.
ஏழு மணிக்கு ரெஞ்சும் டெஃப்லான் டேப்புமாகக் கிளம்பி
பதினாலாம் மாடியில் யார் யாருக்கோ
இந்தப் பக்கம் திருகினால் வெந்நீர்
அந்தப் பக்கம் திருகினால் பச்சைத்தண்ணீர்
வரும்படி செய்துவிட்டு
சொல்யூஷன் வாடையோடு திரும்புவார்.
எங்கள் சந்தில்
முப்பத்தியோரு வீட்டுக்கு ஓர் அடிபம்பு.
நாள் விட்டு நாள், விடிகாலை மூணு மணிக்கு.

வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை,
குடம் நின்றால் போதும்.
குடம் இல்லையென்றால் செங்கல், பெயிண்ட் டப்பா,
ஒருமுறை ஒற்றைச் செருப்பு.
எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.
எங்கள் பச்சைக் குடம் மட்டும்
நான் கண் அசந்த நேரத்தில் நடந்துபோய்
கடைசியில் நிற்கும்.
அம்மா எதுவும் சொல்லமாட்டாள்.
சொல்வதற்கு அவளிடம் மூன்றே சொற்கள்:
தண்ணி, எவ்ளோ, சரி.

நாலாம் வகுப்பில் பியூலா டீச்சர்
என் நாக்கை மடக்கவைத்து நாள் முழுக்க முயன்றார்.
வாழைப்பழம், சொல்லு.
வாளப்பளம்.
ள எங்கள் ஊரிலிருந்தே கூட வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.
சாயங்காலம் சந்துக்கு வந்து காது கொடுத்தேன்.
ஒருத்தருக்கும் ழ கிடையாது.
வண்டியில் பழம் விற்கிறவருக்கே கிடையாது.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

எதிர் வீடு தேசம்மா.
காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள்.
குடத்தை நகர்த்துவது அவள்தான் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.
ஒரு மே மாத மத்தியானம் அம்மா
தண்ணீர் ஊற்றிய சோற்றுக்குச் சுட்ட கருவாட்டைக்
கடித்துக்கொண்டிருந்தபோது
கூடையோடு வந்தவள் நின்றாள்.
இன்னாமே, நீங்களும் இதான் துன்றீங்களா
என்றாள், திருட்டைக் கண்டுபிடித்தவள்போல.
அம்மா சரி என்றாள்.
மறுநாளும் குடம் நகர்ந்தது.

அந்த வருடம் பின்சந்தில் பம்பு உடைந்து
அங்கிருந்து ஒரு படையே
குடத்தோடு எங்கள் பக்கம் வந்துவிட்டது.
முதலில் வாய், பிறகு கை,
நடுவில் யாரோ பச்சைக் குடத்தை உதைத்தார்கள்.
அது உருண்டு சாக்கடை ஓரம் போனது.
எவடி அவ, எங்க குனி கொடத்த ஒதைச்சவ
என்று இடுப்பில் சேலையைச் செருகினாள் தேசம்மா.
டில்லிபாபு அங்கேதான் நின்றிருந்தான்.
அந்தப் பெயருக்கு அன்று யாரும் குனியவில்லை.

அடுத்து என் வாயில் வந்ததை
இங்கே எழுத முடியாது.
ஏழு சொல், ஒரே மூச்சு.
நாலாவது சொல்லில் ஒரு ழ இருந்தது,
மடங்கி, வழுக்கி, சுத்தமாக விழுந்தது.
இரண்டு சந்தும் வாயடைத்து நின்றன.
பின்சந்துக்காரி தன் குடத்தைத் தானே எடுத்துக்கொண்டாள்.
தேசம்மா சிரித்தாள் என்று சொல்லமாட்டேன்.
பம்பைக் காட்டி, அடி, என்றாள்.
அடித்தேன். கைப்பிடி என்னைவிட உயரம்,
ஒவ்வோர் அடிக்கும் கால் தரையைவிட்டுக் கிளம்பியது.

அன்று ராத்திரி,
எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ரயில்
கொருக்குப்பேட்டைப் பக்கம் கத்திக்கொண்டு போனபோது,
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்
என்று அம்மா கேட்டாள்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து இருட்டில்
அவள் நாக்கு தனியாக முயன்றுகொண்டிருந்தது.
ள.
ள.
ள.
அதுவே போதும், என்றேன், ஒடியாவில்.
நாளைக்குத் தண்ணி வராது. தூங்கு.